மூக்கை நம்பிச் சுட்ட பிஸ்கட்டுகள்

பாலு,

இதை ஆபீஸ் வண்டியில் போகும்போது படிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படி. இதோடு ஒரு எவர்சில்வர் டப்பாவும் வரும். எங்கள் கம்பெனித் தனகோடியின் தங்கச்சி வீடும் உங்கள் ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவை இப்போது திறக்க வேண்டாம், கடைசியில் அதற்கு வருகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். நாம் இரண்டு பேரும் போனில் என்ன பேசுவோம் என்று உனக்கே தெரியும். சாப்டியா, சாப்டேன், அங்க மழையா, இல்ல, சரி வெச்சிடறேன். பதினைந்து வருஷமாக இதே ஐந்து வரிதான். இதற்குள் நான் சொல்ல வேண்டியதை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் பேப்பர்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ, நித்யா, குழந்தை மூன்று பேரும் நெமிலிச்சேரிக்கு வந்திருந்தீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், நீ தலையைக் குனிந்துகொண்டே கேட்டாய். "அப்பா, நித்யாவுக்கு அடுத்த திங்கட்கிழமைல இருந்து ஆபீஸ். பகல்ல மகிய நீங்க பாத்துக்க முடியுமா? காலைல எட்டு மணிக்கு கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடறோம்." நீ முடிக்கும் முன்பே நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா, கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவேன், மாடிப்படிக்குத் தடுப்பு வைப்பேன், ராகிக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொள்வேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உன் அம்மா போன ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு பேசி நீ பார்த்திருக்க மாட்டாய். உனக்குச் சிரிப்பு வந்தது, எனக்குத் தெரிந்தது.

அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை மகியைக் கொண்டு வந்து என்னிடம் தனியாக விட்டுவிட்டுப் போகாதே. காரணம் ஒன்றுதான். எனக்கு வாசனை தெரியாது. கொஞ்சம் குறைவு, சளி பிடித்திருக்கிறது, வயசாகிவிட்டது என்பதெல்லாம் இல்லை. சுத்தமாகத் தெரியாது. மல்லிகைப் பூவும் மீன் கழுவின தண்ணீரும் எனக்கு ஒன்றுதான். இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக உன்னிடம் மறைத்திருக்கிறேன். ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்.

பாடியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு மூக்கண்ணன் என்று பெயர் என்பது உனக்குத் தெரியும். இரும்புச் சாமான்களை உலையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கிற செக்ஷன். எண்ணெய் கெட்டுப்போனால், உள்ளே தண்ணீர் சேர்ந்திருந்தால், மீட்டர் காட்டுவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஷெட்டுக்குள் நுழையும்போதே "மூணாம் நம்பர் தொட்டிய நிறுத்து" என்பேன். ஒருமுறை மோட்டாரின் காயில் கம்பி எரிய ஆரம்பித்ததைத் தொலைவில் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். மேனேஜரே வந்து கைகொடுத்தார். பத்தாவது பெயிலான ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியுமோ என்னவோ. படிப்பு இல்லை, பேச்சு வராது, ஆள் உயரமும் இல்லை. இருந்தது மூக்கு ஒன்றுதான். அதை வைத்து முப்பத்திரண்டு வருஷம் மரியாதையாக வாழ்ந்துவிட்டேன்.

பிஸ்கட் அதிலிருந்து வந்ததுதான். கம்பெனிக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த பாயின் அடுப்புக் கதவு ஒருநாள் இறுகிப்போனது. மதிய இடைவேளையில் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். கூலி வேண்டாம், அந்த மசாலா பிஸ்கட் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் பாய் என்றேன். அவரும் மறைக்கவில்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, துளி ஜாதிக்காய், நாலு மிளகு. வெறும் சட்டியில் சூடு காட்டி இடித்துச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெண்ணெயையும் நாட்டுச்சர்க்கரையையும் நுரைக்கத் தேய்த்து, மைதாவும் பொடியும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி சுற்றி நாலு மணி நேரம் விட வேண்டும். வீட்டுக்கு வந்து எண்ணெய் டின்னை வெட்டி, கரண்ட் காயில் கம்பி கட்டி, நானே ஒரு அடுப்பு செய்தேன். வட்டம் வெட்டுவதற்குக் கழித்துப்போட்ட ஒரு பேரிங் வளையத்தைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தேன். அந்த வளையம் இன்னும் இருக்கிறது, துரு ஏறவில்லை. ஆனால் நேரம் எவ்வளவு என்று மட்டும் பாய் சொல்லவில்லை. "டைம் பாக்காதீங்க, கிராம்பு வாசல் வரிக்கும் வரும், அப்ப எடுத்துடுங்க" என்றார். முதலில் வெண்ணெய் வரும், பிறகு சர்க்கரை, கடைசியில்தான் கிராம்பு. நான் அடுப்பை ஏற்றிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். கிராம்பு வந்ததும் எழுந்து உள்ளே போவேன். ஒரு தட்டுகூடக் கருகியதில்லை. நாற்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதால் நான் ஒன்றைக்கூட வாயில் போட்டதும் இல்லை. மோந்து பார்த்தாலே சரியா தப்பா என்று தெரியும்போது எதற்குத் தின்று பார்க்க வேண்டும் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொள்வேன்.

இந்த ஜம்பம் பிஸ்கட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உனக்குப் பத்து வயது இருக்கும். பூந்தமல்லியில் ஒரு கல்யாணம், நானும் அம்மாவும் போயிருந்தோம், பரீட்சை இருக்கிறது என்று நீ வரவில்லை. சாயங்காலம் உன் மாமா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பினோம். கேட்டைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கருகின சர்க்கரை, கருகின சுக்கு. நீ தட்டைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாய், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருந்தாய், மின்விசிறியைக்கூடச் சுழல விட்டிருந்தாய். நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். "பாலு, எங்கடா பொதச்ச?" நீ தென்னை மரத்தடிக்கு நடந்தாய். காலால் மண்ணைத் தள்ளினாய். இருபது முப்பது பிஸ்கட், எல்லாம் கரிக்கட்டை. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தக் கதையை அதற்குப் பிறகு நான் சொல்லாத இடம் இல்லை. உன் கல்யாண ரிசப்ஷனில்கூட நித்யாவின் அப்பாவிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீ சிரித்துக்கொண்டே அந்த இடத்தை விட்டு எழுந்து போவாய். ஏன் எழுந்து போகிறாய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில், உன் சிநேகிதர்கள் நாலு பேர் நிற்கும்போது உன்னை அறைந்தேன். ரயிலிலிருந்து இறங்கி வந்த உன் சட்டையில் சிகரெட் வாடை. நீ "அப்பா" என்று ஆரம்பித்தாய். நான் விடவில்லை. "என் மூக்க ஏமாத்த முடியுமாடா?" என்று கேட்டுக் கையை ஓங்கிவிட்டேன். இரண்டு மாசம் உன்னோடு பேசவில்லை. அம்மா சாகும் முன்பு ஆஸ்பத்திரிப் படுக்கையில் சொன்னாள், அன்றைக்கு ரயிலில் கதவு ஓரம் நின்ற ஓர் ஆள் ஊதிக்கொண்டே வந்தான், உன் மேல் மொத்தப் புகையும் அடித்தது, நீ அவனோடு சண்டைகூடப் போட்டாய் என்று. எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும், நீதான் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாய். மூக்கு சரியாகத்தான் சொன்னது. புகை இருந்தது. யாருடைய புகை என்று மூக்கு சொல்லாது. அதை உன்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. தெரிந்த பிறகும் ஆறு வருஷம் மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

சரி, மூக்கு போன கதைக்கு வருகிறேன். ஊரே முகமூடி போட்டுத் திரிந்த காலத்தில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது, வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. எல்லாருக்கும் அப்படித்தான், ஒரு மாசத்தில் வந்துவிடும் என்றார்கள். எல்லாருக்கும் வந்தது. ஆவடியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், தினமும் காலையில் கிராம்பையும் எலுமிச்சம்பழத்தையும் மோந்து பழகுங்கள் என்றார். ஆறு மாசம் மோந்தேன். வெறும் காற்று. ஒருநாள் கிராம்பு டப்பாவை மூடி மேலே எடுத்து வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, அம்மா போனபோதுகூட அப்படி வரவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் யார்? வயதான ஒரு ஆள், சர்க்கரை வியாதி, தனியாக இருக்கிறார். அவ்வளவுதானே. அதனால் ஏமாற்றக் கற்றுக்கொண்டேன். நல்ல அடுப்பு ஒன்று வாங்கினேன், டிகிரி பார்த்தேன், மணி பார்த்தேன். யாராவது சமையலறையில் நுழைந்து மூக்கை உறிஞ்சினால் நானும் உறிஞ்சுவேன். அவர்கள் "ஆஹா" என்றால் நானும் "ஆஹா". நன்றாகவே நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நித்யாவின் வளைகாப்பு ஞாபகம் இருக்கிறதா? ஆவடியில் அந்தச் சின்ன மண்டபம். தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு, வளையலோடு நம் வீட்டு மசாலா பிஸ்கட்டும் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். நீ "கஷ்டப்படாதீங்கப்பா, கடையில வாங்கிடலாம்" என்றாய், எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நூற்றிருபது பாக்கெட் போட்டேன். ஒவ்வொன்றிலும் நாலு பிஸ்கட், மேலே சிவப்பு நாடா. எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். அடுத்த நாள் ஒவ்வொருத்தராக வந்து "பிஸ்கட் பிரமாதம்" என்று சொன்னார்கள். நித்யாவும் "எல்லாரும் கேட்டாங்க மாமா" என்றாள். நான் ஒரு சுற்றுப் பருத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பரணிலிருந்து மசாலாப் பொடி பாட்டிலை இறக்கினேன். பாட்டில் வாய் வரைக்கும் நிறைந்திருந்தது. நான் எடுத்ததாக நினைத்த பொடி அதில் அப்படியே இருந்தது. அப்போது நான் எதைப் போட்டேன்? பக்கத்தில் அதே மாதிரி பழைய காபித்தூள் பாட்டில், உள்ளே அதே மாதிரி பழுப்புப் பொடி, பாதி காலி. உன் அம்மா மிஷினில் அரைத்து வைத்துவிட்டுப் போன சீயக்காய். நான் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தது. மோந்து பார்த்தே பழகினவன், அதனால் எந்த பாட்டிலின் மேலும் பெயர் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ருசி பார்க்கும் வழக்கமும் இல்லை.

அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூற்றிருபது குடும்பம் சீயக்காய் தின்றிருக்கிறது, அதில் மாசமான பெண்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள், இருந்தும் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? யாருக்காவது வயிற்றுக்கு ஆகவில்லையா என்று தெரிந்தவர்களை எல்லாம் சுற்றி வளைத்து விசாரித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நாலைந்து மாசம் கழித்து, அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, மிச்சமான ஒரு தாம்பூலப் பை கிடைத்தது. வெற்றிலை கருகி, பாக்கு பூசணம் பிடித்திருந்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். நான் கட்டின அதே சிவப்பு நாடா. உள்ளே இருந்தது கடையில் விற்கிற பட்டர் பிஸ்கட். யாரோ என் பிஸ்கட் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, வேறு வாங்கி நிரப்பி, நாடாவை மறுபடியும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முடிச்சு நான் போடுகிற முடிச்சு இல்லை, கோவில்பட்டிப் பக்கம் பூ கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. உன் மாமியார் கை. நித்யா ஒன்றைத் தின்று பார்த்திருக்க வேண்டும்; ஏழு மாசக் கர்ப்பிணி, விசேஷத்தன்று விடியற்காலை, தன் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு நூற்றிருபது பாக்கெட்டைப் பிரித்துக் கட்டியிருக்கிறாள், என் முகம் வாடக்கூடாது என்று. உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் காட்டிக்கொள்ளவில்லை. நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் தெரியாதவன் நீ ஒருவன்தான்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை. பாட்டில்களின் மேல் பெயர் எழுதி ஒட்டினேன், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். போன மாசம் ஒருநாள் காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து தனகோடி கத்திக்கொண்டே ஓடி வந்தான். "யோவ் அண்ணாத்தே! இன்னாய்யா பண்ணிகினு கீற? தெரு மொனை வரிக்கும் கேஸ் நாறுது, நீ பாட்டுக்கு பேப்பர் படிச்சிகினு கீற! எந்த சுச்சும் தொடாத, எய்ந்து வெளிய வா!" என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரை மூடினான். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கத்துக்கு வந்திருந்தேன். சளி பிடித்திருக்கிறது என்றேன். தனகோடி என்னோடு இருபது வருஷம் அதே ஷெட்டில் வேலை பார்த்தவன். "சளியா? நாலு வர்சமா ஒரே சளியா? மூக்கண்ணே, நான் இன்னா கேனையனா? ஊட்ல புள்ளைங்க கீற நேரமா இருந்தா இன்னா ஆவும்?" என்றான். இது நடந்து பதினெட்டு நாள் கழித்துத்தான் நீ என்னிடம் மகியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாய். பதினெட்டு நாளில் நான் எதையும் மறக்கவில்லை. தெரிந்தே சரி என்றேன். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கூசுகிற வரி இதுதான்.

நானாக மனம் திருந்தி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நீ தூங்கப் போனாய், நித்யா பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள், மகி என் மடியில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பேரிங் வளையத்தைக் கொடுத்திருந்தேன், அதைத் தரையில் உருட்டி உருட்டி விளையாடினோம். ஒரு மணி நேரம் இருக்கும். நடுவில் இரண்டு முறை என் வேட்டியைப் பிடித்து இழுத்து "தாத்தா, கக்கா" என்றாள். காக்கா என்கிறாள் என்று நினைத்து ஜன்னலைக் காட்டினேன். நித்யா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போய்க் கழுவினாள். குழந்தைக்குத் தொடை இடுக்கில் சிவந்து போயிருந்தது. பவுடர் போடும்போது மெதுவாகக் கேட்டாள். "மாமா, உங்களுக்கு வாடை தெரியலைல்லா?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வளைகாப்புல பாட்டில் மாறிப்போச்சின்னு நெனச்சேன். வயசானவங்களுக்கு அப்படி ஆவும்னு விட்டுட்டேன். இது அது இல்ல மாமா. இது எம்புள்ள." பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, "அவங்கட்ட நீங்களே சொல்லிருங்க. சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்றாள். அதட்டவில்லை, அழவில்லை. போகும்போது வழக்கம்போல "மாத்திரை போட்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். உனக்கு வாய்த்திருப்பவள் நல்ல பெண். அவள் ஒன்று சொன்னால் இரண்டாவது முறை சொல்ல வைக்காதே.

இனிமேல் செய்ய வேண்டியது. மகியை நான் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு அவள் வேண்டும். இதை இப்படி வெளிப்படையாக நான் யாரிடமும் கேட்டதில்லை, உன்னிடமும் கேட்டதில்லை. ஆனால் மூக்குள்ள ஓர் ஆள் உங்கள் வீட்டில் என்னோடு கூட இருக்க வேண்டும். நித்யாவின் அம்மா வந்து இருந்தாலும் சரி, நம்பகமான ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாலும் சரி. நான் காலை பஸ்ஸில் ஐயப்பன்தாங்கலுக்கு வந்துவிடுகிறேன். சோறு ஊட்டுவேன், டிப்போ வாசலில் பஸ் எண்ணிக் காட்டுவேன், கண்ணாலும் காதாலும் ஆகிற வேலை எல்லாம் செய்வேன். பால் கெட்டிருக்கிறதா, துணி மாற்ற வேண்டுமா, எங்காவது ஒயர் தீய்கிறதா என்பதற்கு நான் ஆகமாட்டேன். இங்கே கேஸ் அடுப்பை எடுத்துத் தனகோடிக்குக் கொடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வாங்கிவிட்டேன். வேண்டாம், எதுவும் வேண்டாம், குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறோம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் செய்யுங்கள். எனக்கு முகம் வாடும், ஒரு வாரம் சரியாகப் பேசமாட்டேன். அதை நீ கண்டுகொள்ளாதே. "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நீங்க நல்லாத்தான் பாத்துப்பீங்க" என்று மட்டும் என்னைச் சமாதானம் செய்ய வராதே. பாக்கெட்டைப் பிரித்து வேறு பிஸ்கட் வைத்துக் கட்டுகிற வேலை நம் குடும்பத்தில் ஒருமுறை நடந்தது போதும்.

இப்போது டப்பாவைத் திற. நேற்றுச் சுட்டது. பொடி எடுக்கும் முன்பு தனகோடியைக் கூப்பிட்டு பாட்டிலை மோந்து பார்க்கச் சொன்னேன். "கிராம்புதான்ணே, கண்ண மூடிகினு போடு" என்றான். நூற்றெழுபது டிகிரி, பதினாலு நிமிஷம், மணி பார்த்து எடுத்தேன். பழக்கத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை, மணி அடித்ததும் எழுந்து போனேன். நீ முதலில் மோந்து பார், அப்புறம் ஒன்று தின்று பார், அப்புறம் போன் செய். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. சுக்கு தூக்கலா, அடி தீய்ந்திருக்கிறதா, வெண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா, உள்ளது உள்ளபடி சொல். நன்றாக இல்லை என்று நீ ஒருமுறை சொன்னால்தான், நன்றாக இருக்கிறது என்று நீ சொல்லும்போது நான் நம்ப முடியும். இத்தனை வருஷம் உன்னை மோந்து பார்த்தே தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டேன். இனிமேல் எனக்கு எது தெரிய வேண்டுமானாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுப் பழக்கம் இல்லை, தடுமாறினால் பொறுத்துக்கொள். முதல் கேள்வியை இப்போதே கேட்டுவிடுகிறேன், இருபத்து மூன்று வருஷம் முன்பு தென்னை மரத்தடியில் கேட்டிருக்க வேண்டியது. எங்கே புதைத்தாய் என்றுதான் அன்றைக்குக் கேட்டேன், அது எனக்கு ஏற்கனவே தெரியும். வீட்டில் யாரும் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்து வயதில், தனியாக மாவு பிசைந்து அடுப்பு ஏற்றினாயே பாலு, யாருக்காக?

அப்பா